சின்னாளபட்டிக்குக் கைத்தறி வளாகம்: முதலில் பாவு, பிறகு கட்டடம்!

திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறினால் அரை மணிக்குள் சின்னாளபட்டி. "சின்னாளபட்டிச் சேலை" என்றால் ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். காஞ்சிபுரம் பட்டு எடுக்க வசதியில்லாத வீட்டிலும் கல்யாணப் பெண் பளபளவென்று நின்றாள் என்றால், அது இந்த ஊர் செயற்கைப் பட்டின் தயவு. சுங்குடிச் சேலையிலும் இந்த ஊருக்குத் தனிப் பெயர்.

இன்றைக்கு? விடிய விடியத் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் பல அடங்கிவிட்டன. நெசவாளி வீட்டுப் பையன் ஜவுளிக் கடையில் வேலைக்கு நிற்கிறான். பெண் மில் வேனுக்குக் காத்து நிற்கிறாள்.

இது ஒரு ஊர்க் கதை அல்ல. நாடு முழுவதும் கைத்தறியை நம்பியிருந்தவர்கள் 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சம் பேருக்கு மேல். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். அந்தக் கடைசிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. இந்தக் காசுக்கு எந்தப் பிள்ளை தறியில் உட்காரும்?

சின்னாளபட்டிக்கு ஒரு கைத்தறி வளாகம் வேண்டும். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எப்படிப்பட்ட வளாகம்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஆர்ச்சும் கல்வெட்டும் போதுமா?

வளாகம் என்றதும் வழக்கமாக வருவது என்ன? காம்பவுண்டு சுவர், வாசலில் ஆர்ச், உள்ளே வரிசையாகத் தகர ஷெட், திறப்பு விழாக் கல்வெட்டு. படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். நெய்கிறவன் வர மாட்டான்!

தெலங்கானாவில் போச்சம்பள்ளி என்று ஒரு நெசவாளர் ஊர். இக்கத் சேலைக்குப் பேர் போனது. அங்கே மத்திய அரசின் ஜவுளிப் பூங்காத் திட்டத்தில் கைத்தறிப் பூங்கா கட்டினார்கள். தறி இருந்தது, கட்டடம் இருந்தது. இருந்தும் என்ன? நஷ்டத்திலும் கடனிலும் மாட்டித் தத்தளித்தது. ஊருக்குப் பேர் இருந்தால் மட்டும் போதாது, கட்டடம் மட்டும் சேலையை விற்றுவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தெருவில் லாரி, பாவு எங்கே?

பருத்திச் சேலைக்குப் பாவு நீட்ட வேண்டும். வெயில் ஏறும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் ஆற்ற வேண்டும். நாலைந்து பேர் கூடி நின்று செய்கிற வேலை. நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் அமைந்தது சும்மா இல்லை. சேலம் பக்கம் இதற்கென்றே பொது இடம் ஒதுக்கி, "பாவடி" என்று பெயரும் வைத்தார்கள். எந்த என்ஜினீயரிங் காலேஜிலும் படிக்காத முன்னோர் போட்ட பிளான் அது!

இப்போது அந்தத் தெருக்களில் மோட்டார் சைக்கிளும் லாரியும் ஓடுகின்றன. ஒரு ஹார்ன் அடித்தால் பாவைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆகவே வளாகத்தில் முதலில் வர வேண்டியது ஆபீஸ் அறை அல்ல. மர நிழலோடு, வண்டி நுழையாத, நீளமான பாவு மைதானம். மழைக்கு ஒரு பகுதியில் கூரை.

குழித்தறியை மாடியில் வைக்க முடியுமா?

அடுத்தது தறி. குழித்தறியில் நெசவாளி தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறான். மண்ணின் ஈரம் இழையைக் காக்கிறது. காற்று காய்ந்தால் இழை பட்டுப் பட்டென்று அறுக்கும். திண்டுக்கல் வெயிலில் தகரக் கூரை போட்டால் இழையும் தாங்காது, ஆளும் தாங்க மாட்டான். ஓட்டுக் கூரை, உயரமான சுவர், வடக்கு வெளிச்சம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறினால் அன்றைய கூலி போச்சு. தரை உயர்த்தி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித்தான் கட்ட வேண்டும். மாடி மேல் மாடி கட்டித் தறி வைக்கிறோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இன்னொன்று. 2019-20 கணக்குப்படி கைத்தறித் தொழிலில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே தறியில் உட்காருகிறவர்கள். அவர்களைக் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதி ஷெட்டுக்குக் கூப்பிட்டால் அது பாக்டரி, கைத்தறி அல்ல. வீட்டில் இருக்கிற தறி வீட்டிலேயே இருக்கட்டும். இடம் இல்லாதவர்களுக்கும் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் மட்டும் வளாகத்தில் தறிக்கூடம். பக்கத்தில் ஒரு பிள்ளைக் கூடம்.

சாயத் தண்ணீர் ஜாக்கிரதை!

தோல் பதனிடும் கழிவால் கிணறு கெட்ட கதை திண்டுக்கல்காரருக்குச் சொல்லித் தர வேண்டாம். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப் பட்டறைகளை ஐகோர்ட்டு ஒரே உத்தரவில் மூடச் சொன்னது. சுங்குடிக்குச் சாயம் இல்லாமல் முடியாது. பொதுச் சாயக்கூடமும், அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையமும் முதல் நாளே ஓட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்றால் பிறகு பார்ப்பது கோர்ட்டுதான்.

நூல் மலை அருகே, தறி பட்டினி

வேடசந்தூர், வடமதுரை பக்கம் எங்கு திரும்பினாலும் நூற்பாலை. ஆனால் கைத்தறிக்கு வேண்டியது சிட்டத்தில் வரும் நூல். உள்நாட்டு விற்பனைக்கான நூலில் 40 சதவீதத்தை ஆலைகள் சிட்டமாகத் தர வேண்டும் என்று இருந்த விதியை 2019-ல் 30 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். வளாகத்தில் ஒரு நூல் கிடங்கு இருந்து, சின்ன நெசவாளிக்கும் சங்கத்துக்குக் கிடைக்கிற விலையிலேயே நூல் கிடைத்தால் பாதிப் பாரம் குறையும்.

விற்க வழி

மதுரை நான்கு வழிச் சாலை ஊரை ஒட்டியே போகிறது. கொடைக்கானல் போகிறவன், பழனி போகிறவன் எல்லாம் இந்தப் பக்கம்தான். ஊருக்குள் ஒளித்து வைக்காமல், வளாகத்தின் கடை வாசல் சாலையைப் பார்த்துத் திறக்க வேண்டும். 1999-ல் மதுரையில் உழவர் சந்தை வந்தபோது காய்கறி விளைவித்தவனே விற்றான். சேலை நெய்தவனும் அப்படி விற்கலாமே!

அங்கே விசைத்தறிச் சேலை நுழையக் கூடாது. 1985-ம் ஆண்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. 2006 முதல் கைத்தறி முத்திரையும் உண்டு. இருந்தும் விசைத்தறிச் சரக்கு கைத்தறி என்ற பெயரில் விலை போகிறது. கைத்தறி விலை கொடுத்து விசைத்தறித் துணி வாங்குகிற குமாஸ்தாவும் ஏமாளி, நெய்தவனும் ஏமாளி. நடுவில் இருப்பவனுக்கு மட்டும் லாபம். திண்டுக்கல் ஜவுளிக் கடைக்காரர்கள் முத்திரை பார்த்து வாங்கினாலே இந்தப் பித்தலாட்டம் பாதி அடங்கும்.

"விசைத்தறி மலிவாக நெய்கிறதே, கைத்தறி எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். விலையில் போட்டி போட்டால் கைத்தறி தோற்கும். நிஜமான சரக்கு, நிஜமான முத்திரை, நேர் விற்பனை, இந்த மூன்றும் இருந்தால்தான் அது பிழைக்கும். வளாகத்தின் வேலையும் அதுவே.

சாவி யார் கையில்?

கட்டி முடித்தபின் பொறுப்பை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுக்க வேண்டும். கணக்கு வழக்கை ஆண்டுதோறும் ஊரறியப் பலகையில் எழுதிப் போட வேண்டும். யோசனை சொல்ல ஆள் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம். சேலத்தில் 1960 முதல் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் அதற்குள் அலிகார் பூட்டு சந்தையைப் பிடித்து, இங்கே பட்டறைகள் பல மூடிக் கிடந்தன. நோயாளி போன பிறகு வந்த டாக்டர் மாதிரி!

சேலைக்கும் அந்தக் கதி வர வேண்டுமா? கலெக்டரும் கைத்தறித் துறையும் இப்போதே நெசவாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும். பிளான் போடப் போகும் என்ஜினீயர், பேப்பரில் கோடு இழுக்கும் முன் ஒரு நாள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். எது தேவை, எது தேவையில்லை என்பது தானே தெரிந்துவிடும்.