ஏரியாவைப் பார்க்காதே, தெருவைப் பார்!

"வந்தாரை வாழ வைக்கும் சென்னை" என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். வாழ வைப்பது இருக்கட்டும் நண்பர்களே! வந்தாரை முதலில் ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்க வைக்கிறதா? இதுதான் என் கேள்வி.

நான் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கொத்தனார் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். போன மே மாத லீவில் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து, "ஒரு தடவையாவது மெட்ராஸப் பாத்துட்டு வந்துருவோம் தாயி" என்றாள். கபாலீஸ்வரர் கோயில், கடற்கரை, டிவியில் மட்டுமே பார்த்த டி.நகர் கடைவீதி. அவ்வளவுதான் அவள் ஆசை.

எங்கே தங்குவது? ஊரில் விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டோம். "மயிலாப்பூர், டி.நகர், அடையாறு... இந்த மூணுல எங்க தங்குனாலும் பயமில்ல. வேற பக்கம் போயிராதீங்க" என்றார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, செல்போனில் படம் பார்த்து, டி.நகரில் ஒரு லாட்ஜுக்கு அட்வான்ஸ் கட்டினோம்.

பகல் பஸ் ஏறிக் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது ராத்திரி எட்டரை. நம்ம பக்கத்து பஸ்ஸெல்லாம் இப்போது கோயம்பேடு போவதில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தோடு சரி. அங்கிருந்து டி.நகர் வந்து சேரப் பத்து தாண்டிவிட்டது. லாட்ஜ் இருந்தது சந்துக்குள் ஒரு சந்து. தெருவிளக்கு எரியவில்லை. கவுண்ட்டரில் இருந்தவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு லேடீஸ் மட்டுமா? ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே பாதி உயிர் போய்விட்டது. அறைக்குள் போனால் கதவுத் தாழ்ப்பாளின் ஸ்குரு ஆடுகிறது. நடுராத்திரியில் யாரோ இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். அம்மா மேஜையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, விடியும்வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "நீ தூங்கு தாயி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் எங்கே தூங்குவது!

காலையில் அட்வான்ஸ் போனால் போகிறதென்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் போனோம். கோயில் வாசலில் பூ விற்ற அக்காவிடம் ஒரு முழம் கேட்கும்போதே அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. கதையைக் கேட்டுவிட்டு அந்த அக்கா சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். "டி.நகரு கெட்ட ஊரும் இல்ல, மயிலாப்பூரு நல்ல ஊரும் இல்ல கண்ணு. ஏரியாவப் பாக்காத, தெருவப் பாரு. ராத்திரி ஒம்போது மணிக்கு எந்தத் தெருவுல பொம்பளைங்க பயமில்லாம நடக்கறாங்களோ, அங்க ரூம் எடு."

அவரே மாட வீதியை ஒட்டி ஒரு சின்ன விடுதியைக் காட்டினார். கீழே டிபன் கடை. கவுண்ட்டரில் வயதான அம்மா ஒருவர். அறை அழகாக இல்லை, ஆனால் தாழ்ப்பாள் கெட்டி! இரண்டு ராத்திரியும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினோம்.

அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பூக்கார அக்காவின் வீடு கண்ணகி நகரில் என்று. கூவக் கரையில் குடிசையில் இருந்தவர்களாம். ஆற்றோரம், கால்வாயோரம் இருந்த எத்தனையோ குடும்பங்களை 2000-க்குப் பிறகு கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் அது. "அங்கெல்லாம் போயிராதீங்க" என்று நமக்குச் சொல்கிற பட்டியலில் தவறாமல் வரும் பெயர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியின் கார்த்திகா அந்த நகர்ப் பெண்தானே! 'நல்ல ஏரியா' எங்களைப் பயமுறுத்தியது. 'கெட்ட ஏரியா'விலிருந்து வந்தவர் எங்களைக் காப்பாற்றினார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நான் அந்த மூன்று இடங்களையும் குறை சொல்லவில்லை. மூன்றுமே தங்க ஏற்ற இடங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

டி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் நீண்ட ஏரி. 1920-களில் ஏரியைத் தூர்த்துத்தான் நகர் அமைத்து, தியாகராயர் பெயரை வைத்தார்கள். ஏரி தன் இடத்தை மறக்குமா? 2021 நவம்பர் மழையில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. கூட்டமும் அப்படித்தான். 2017 மே 31-ஆம் தேதி உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே டி.நகரில் தங்கினால் இரண்டாவது மாடிப்படி எங்கே என்று முதலில் கேளுங்கள். வசதியும் உண்டு. 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறினால், ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கே வந்துவிடலாம்.

அடையாறு அமைதியான பகுதி. மரமும் நிழலும் அழகு. ஆனால் 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாற்று வெள்ளம் கரை தாண்டி, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. மழைக் காலத்தில் ஆற்றோரமாகத் தரைத்தள அறை வேண்டாம். இன்னொன்று, அமைதி வேறு, ஆள் நடமாட்டமில்லாமை வேறு! பெரிய பங்களாக்கள் மதில் எழுப்பி நிற்கிற தெருவில் நாம் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

மயிலாப்பூரில் மாட வீதிகளும் லஸ் முனையும் விடிகாலை முதல் இரவு வரை விழித்தே இருக்கும். அதுதான் அதன் காவல். ஆனால் பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளில் போனால், அறையும் கிடைக்காது, கழுத்துச் சங்கிலிக்கும் உத்தரவாதம் கிடையாது!

சரி, தெருவை எப்படிப் பார்ப்பது? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேருகிற பஸ்ஸைப் பிடியுங்கள். அட்வான்ஸ் கட்டும் முன்பு அறையைக் கண்ணால் பாருங்கள். தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, விளக்கு மூன்றையும் போட்டுப் பாருங்கள். நாம் படித்த டிப்ளமோ இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி? பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரை எத்தனை கடை திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்து, ரெஜிஸ்டரில் எழுதச் சொல்கிற விடுதி நல்லது. எழுதாமல் சாவி கொடுத்தால் யோசியுங்கள். ஒன்றும் அமையாவிட்டால், உறுதியான ரயில் டிக்கெட் உள்ளவர்கள் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வே ஓய்வறைக்கு முன்பதிவு செய்யலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. இரண்டு எண்களையும் அம்மா மனப்பாடமே செய்துவிட்டாள்.

"ஒரு ராத்திரி தூக்கத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று ஆண் நண்பர்கள் சிரிக்கலாம். உங்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துவிடுவீர்கள். எங்கள் கதை வேறு. ஊர் திரும்பியதும் அப்பா நடந்ததைக் கேட்டுவிட்டு, "இனிமே மெட்ராஸ் பேச்சே கூடாது. படிச்சு முடிச்சிட்டு இங்கேயே ஏதாச்சும் பாரு" என்றார். ஆடுகிற ஒரு ஸ்குரு, மூன்று வருஷப் படிப்பையே ஆட்டிவிடப் பார்த்தது! அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம் இருப்பது தரமணியில். கம்பெனிகள் இருப்பது கிண்டியிலும் அம்பத்தூரிலும். அங்கே போய்த் தங்க இடமில்லை என்றால் எங்கள் சான்றிதழை என்ன செய்வது?

அம்மாதான் அப்பாவிடம் பேசினாள். "மொத ராத்திரி மாதிரி தங்க மாட்டோம். ரெண்டாம் ராத்திரி மாதிரி தங்கிக்குவா. எனக்கு இடம் தெரியும்" என்றாள். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் முடியாது என்றும் சொல்லவில்லை.

அதனால் நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பேரவை அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சென்னைக்குப் போய்வருகிற ஒவ்வொருவரும் அதில் எழுதட்டும். எந்தத் தெரு, வாடகை எவ்வளவு, தாழ்ப்பாள் எப்படி, பக்கத்தில் எந்த பஸ், பெண்கள் தனியாகத் தங்கலாமா... அவ்வளவு போதும். செலவு நாற்பது ரூபாய் நோட்டு ஒன்றுதான். அடுத்த வருஷம் போகிற தங்கைக்கு ஏரியாவின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பாமல், தெருவையும் காட்டி அனுப்புவோம்.

முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். மாட வீதி, மாடி அறை, தாழ்ப்பாள் கெட்டி!

– மூன்றாமாண்டு மாணவி,
மின்னணு மற்றும் தகவல் தொடர்புத் துறை