முட்டுக்கட்டை

“ஏன்டா, தேர் நிலைக்கு வந்தப்புறமா எடுத்தே?”

திருவாரூர் தெற்கு வீதியில் அத்தை வீடு. காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, ஆழித்தேரை இருநூறு படத்துக்கு மேல் எடுத்து, மடிக்கணினியில் ஏற்றிப் பெருமையோடு அவர் முன்னால் வைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து படம் பார்த்துவிட்டு அத்தை கேட்டது இது. கேலியில்லை. உண்மையாகவே சந்தேகம்.

சந்தேகத்தில் நியாயம் இருந்தது. 96 அடி உயரம், அலங்காரத்தோடு 300 டன் என்கிறார்கள். அவ்வளவு பெரிய தேர் என் படத்தில் வீதியை அடைத்துக்கொண்டு சும்மா நின்றது. வடம் பிடித்தவர்கள் வாயைத் திறந்தபடி, ஒற்றைக் காலைத் தூக்கியபடி, கொலு பொம்மைகளாக இருந்தார்கள். காரணம் என் பயம். படம் ஆடிவிடக் கூடாதே என்று ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஷட்டர் வேகத்தை வைத்திருந்தேன். மீன்கொத்திக்கு வைக்கிற வேகம் அது. அந்த நேரத்துக்குள் தேர் எங்கே போய்விடப்போகிறது?

மறு வருஷம் நேர் எதிர்த் தவறு. ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 16, லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிற கறுப்பு ஃபில்டர். சுள்ளென்ற வெயிலிலும் பதினைந்தில் ஒரு பங்கு நொடி கிடைத்தது. அந்தத் தைரியத்தில் கூட்டத்துக்குள் புகுந்து நடந்துகொண்டே எடுத்துத் தள்ளினேன். வந்தது சாம்பார். தேரும் ஆடியது, வீடுகளும் ஆடின, மின்கம்பமும் ஆடியது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை. அத்தையிடம் காட்டவில்லை.

அந்த வருஷம் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். கேமராவைப் பையில் போட்டுவிட்டு முட்டுக்கட்டை போடுகிறவர்களை வேடிக்கை பார்த்தேன். ஆழித்தேருக்கு இப்போது இரும்புச் சக்கரம், திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக், பின்னாலிருந்து தள்ள புல்டோசர் எல்லாம் உண்டு. இருந்தாலும் சக்கரத்தடியில் கட்டையோடு குனிந்து நிற்கும் ஆட்கள் இல்லாமல் அது நகராது. கட்டை தேரை நிறுத்த மட்டுமல்ல, திருப்பவும்தான். எந்தச் சக்கரத்தடியில், எந்தக் கோணத்தில் கட்டை விழுகிறதோ அதை வைத்துத்தான் தேர் முகம் திருப்புகிறது. காரியத்தைக் கெடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று திட்டுகிறோமே, அந்தக் கட்டைக்கு நாம் செய்கிற அநியாயம் அது.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-ல் பிரான்ஸின் தென்கரை ஊரான இயேரில் எடுத்த படம் ஒன்று உண்டு. மேலே நின்று கீழே பார்க்கிறார். கைப்பிடியோடு வளைந்து இறங்கும் படிக்கட்டு. அது முடிகிற இடத்தில் தெரு. தெருவில் ஒரு சைக்கிள்காரர், கலங்கிய உருவமாய்ப் போய்க்கொண்டிருக்கிறார். பல முறை பார்த்த படம்தான். கட்டை போடுகிறவர்களைப் பார்த்த பிறகுதான் அதில் படிக்கட்டைப் பார்த்தேன். இம்மி பிசகாமல் நிற்கும் அந்தப் படிகள் சைக்கிளுக்கு வைத்த முட்டு. படிகளை எடுத்துவிட்டால் சைக்கிள் வெறும் கறை.

இன்னொரு பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்றி லார்த்திக். முதல் உலகப்போருக்கு முன், இருபது வயது நிரம்பாத பையனாக, பந்தயக் கார் ஒன்றை எடுத்தார். ஷட்டரின் பிளவு கண்ணாடித் தகட்டைக் கடந்து முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட, சக்கரம் முட்டை வடிவத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கேமராவைக் காரோடு திருப்பியதால் வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கணக்குப்படி கெட்டுப்போன படம். ஆனால் வேகம் என்றால் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவரை உலகம் அறிந்தது 1963-ல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைப் பார்வைக்கு வைத்தபோது. அப்போது அவருக்கு வயது 69. படத்தைச் சாய்க்கிற இதே கோளாறு நம் கைப்பேசியிலும் இருக்கிறது. ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்துப் பாருங்கள். பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்தே விழும், கைப்பேசி காட்சியை வரிவரியாகப் படிப்பதால்.

ஷட்டரை மெதுவாக்குவதே கலை என்று கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் குற்றாலம் படும் பாடு! அருவியைப் பத்து நொடி எடுத்து, சலவைக்குப் போட்ட வேட்டிபோல ஆக்கிவிடுகிறார்கள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும், அது துணி அல்ல, அடி.

மூன்றாம் வருஷம் கூட்டத்துக்குள் போகவில்லை. அத்தை வீட்டுத் திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே பதினைந்தில் ஒரு பங்கு நொடிதான். அதற்குள் தேர் ஓரிரு அங்குலம் போனால் அதிகம். ஆக, படத்தில் அசையாமல் நிற்கப்போவது தேர், ஆறாக ஓடப்போவது ஜனம் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷமும் ஓடுகிற பொருள் எது என்பதையே மாற்றி நினைத்திருக்கிறேன்.

எப்போது அழுத்துவது என்பதைக் கண் சொல்லவில்லை, காது சொன்னது. “ஆரூரா!” என்று ஒரு குரல் எழும்பும்போது ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். ஒருவர் துண்டை இறுக்குகிறார், ஒருவர் தண்ணீர் குடிக்கிறார். “தியாகேசா!” என்று கூட்டம் திருப்பிச் சொல்லி முடிக்கையில் வடம் விறைக்கிறது, அத்தனை முதுகும் ஒரே சாய்வுக்கு வருகிறது. இசைவு என்ற சொல்லுக்குள் இசை இருப்பது சும்மாவா? இரண்டாவது குரலின் வாலைப் பிடித்து அழுத்தினேன். தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகள் லேசாகப் பின்வாங்கி ஆடியதும் சேர்ந்து விழுந்தது. மொத்தம் பதினோரு படம்தான் எடுத்தேன்.

ராத்திரி அத்தை பார்த்தார். இந்த முறை தேரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வடத்தின் ஓரத்தில் பழுப்பும் வெள்ளையுமாக இழுபட்டிருந்த ஒரு தீற்றலில் விரலை வைத்தார்.

“இது கோடி வீட்டுப் பையன்தானே?”

“மூஞ்சியே இல்லையே அத்தை, எப்படிச் சொல்றீங்க?”

“இடது பக்கமா சாஞ்சு சாஞ்சுதான் ஓடுவான். சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான்” என்றவர், அடுத்த படத்தைத் தள்ளச் சொன்னார்.