நிலா எடுக்க ஃபுல் ஃப்ரேம் இஎம்ஐ எதுக்குங்க?

இன்க்ரிமென்ட் வந்த கையோட ஃபுல் ஃப்ரேம் கேமரா பார்க்கிறீங்களா? நீங்க எடுக்கப்போறது நிலாவும் பறவையும்னா, வேண்டாம்னுதான் சொல்வேன்.

கணக்குப் பாருங்க. 300 எம்எம் லென்ஸ்ல நிலாவோட பிம்பம் சென்சார் மேல சுமார் 2.7 மில்லிமீட்டர்தான் விழும். சென்சார் பெருசானா நிலா பெருசாகாது, சுத்தி இருக்கிற கருப்பு வானம்தான் கூடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவுல அந்த நிலா குறுக்கே கிட்டத்தட்ட 700 பிக்சல். அதே 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல 450 சொச்சம். காசு அதிகம், நிலா சின்னது! 45 மெகாபிக்சல் பாடி எடுத்தாலும் 620தான் வரும். விலையை நீங்களே பாருங்க.

பால்வீதி வேற கதை. இருட்டுல வைட் லென்ஸ் போட்டு எடுக்கும்போது பெரிய சென்சார் அதிக ஒளி வாங்கும், நாய்ஸ் குறையும். உண்மைதான். ஆனா சென்னை மொட்டை மாடியில பால்வீதி தெரியாதே, ஜவ்வாது மலைப் பக்கம் போகணும். வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப்புக்கு மாசாமாசம் தவணையா? அதுக்கு ஒரு ஸ்டார் டிராக்கர் போதும். வானம் நகர்ற வேகத்துல கேமராவைத் திருப்பும். சின்ன சென்சார்லயே 2 நிமிஷ எக்ஸ்போஷர் எடுக்கலாம்.

'நோ காஸ்ட்' இஎம்ஐன்னாலும் பிராசஸிங் ஃபீஸ், வட்டிக்கு ஜிஎஸ்டின்னு கார்டு பில்லுல பெரும்பாலும் ஏதாவது வந்து நிக்கும்.

கல்யாண ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கிறவங்க தாராளமா வாங்குங்க. அது வேற கணக்கு.