மலைக்குப் பூட்டா, கணக்கா?

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீட்டின் மேல் இறங்கியது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். இரண்டு வாரம்கூட முடியாத நிலையில், அதே மலையின் உச்சியில் ஏற்றும் கார்த்திகை மகாதீபம் வந்தது. முந்தைய ஆண்டுகளில் அடையாளச் சீட்டோடு 2,500 பக்தர்கள் ஏறிய மலையில் அந்த ஆண்டு கொப்பரை, நெய், திரி சுமந்தவர்களும் தீபத் திருப்பணியில் இருந்தவர்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். நீர் ஊறி இளகிக் கிடந்த சரிவில் கூட்டத்தை ஏற்றாமல் விட்டது சரியான முடிவு. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. வருடத்தின் மற்ற நாட்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து கந்தாசிரமத்துக்கும் விருபாட்சி குகைக்கும் போகும் பாதையைத் தவிர, மலை பொதுமக்களுக்கு மூடியே கிடக்கிறது. பூட்டிவிட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் இதன் அடிப்படை. அது பாதி உண்மை.

மீதிப் பாதியை மலையின் அண்மைக்கால வரலாறே சொல்லிவிடும். ரமணர் மலையில் வாழ்ந்த காலத்தை ஒட்டிய பழைய புகைப்படங்களில் தெரிவது மொட்டைப் பாறை. விறகு வெட்டுதலும் மேய்ச்சலும் கோடைதோறும் பரவும் தீயும் சேர்ந்து செய்த வேலை அது. இன்று தெரியும் பச்சை தானாக வந்ததல்ல. 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டார்கள், கோடையில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், வனத்துறையும் நட்டது. பிற்பாடு ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்ற அமைப்புகள் நடுவதோடு நிற்காமல், புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவதையும், புகை தெரிந்ததும் இலைக்கொத்தோடு ஏறி அடித்து அணைப்பதையும் வருடாந்தர வேலையாகவே எடுத்துக்கொண்டன. ஆள் மறையும் அளவுக்கு வளரும் வாசனைப் புல், மாசி பங்குனியில் காய்ந்துவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும். நட்டு வளர்த்த பத்து வருட மரங்கள் ஒரே பிற்பகலில் கருகிப் போகும். ஆகவே இந்தக் காட்டின் முதல் எதிரி நெருப்பு. நெருப்பைப் பார்க்க மலையில் கண் வேண்டும். ஆளே போகாத மலையில் அந்தக் கண் எங்கிருந்து வரும்?

ஆள் போகாமலும் இல்லை. தடையை மீறி ஏறி, வழி தவறி, வனத்துறையும் தீயணைப்புத் துறையும் தேடிப் போய் மீட்டுக்கொண்டு வந்த செய்தி அவ்வப்போது நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒளிந்து ஏறுபவர் பாதையில் போக மாட்டார்; புல்லுக்குள் புகுந்து போவார். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், யார் தீப்பெட்டி வைத்திருந்தார் என்ற கணக்கு எவரிடமும் இருக்காது. தடை ஏறுபவர்களைக் குறைத்திருக்கலாம். மிச்சம் இருப்பவர்களைக் கண்காணிப்புக்கு வெளியே தள்ளியதும் அதே தடைதான். ஒரு பாதை, அதன் வாசலில் ஒரு பதிவேடு, நாளுக்கு இத்தனை பேர் என்ற எண், கூடவே போக மலை தெரிந்த உள்ளூர் ஆள் என்ற ஏற்பாடு பூட்டை விடக் கடுமையான காவலாக இருக்கும்.

இது புதிய யோசனை அல்ல. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்த பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் எழுதியது. 2024 அக்டோபரில் அரசு மாநிலம் முழுவதும் 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. தீயில் இத்தனை உயிர் போன பிறகும் வந்து சேர்ந்த இடம் நிரந்தரத் தடை அல்ல, ஒழுங்கு. ஜப்பானில் புனித மலையாக வணங்கப்படும் ஃபூஜியில் 2024 கோடையில் யோஷிதா பாதைக்கு வாயில் வைத்து, நாளுக்கு 4,000 பேர், தலைக்கு 2,000 யென் என்று வரம்பு கட்டினார்கள். அடுத்த ஆண்டே கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். ஹவாய்க் கடலோரத்து டைமண்ட் ஹெட் மலையில் 2022 முதல் வெளியூர்க்காரர் முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும், உள்ளூர்க்காரருக்கு இலவசம். அண்ணாமலைக்கு அந்த 4,000 என்ற எண் ஆகவே ஆகாது. இங்கே ஐம்பது பேரே அதிகமாக இருக்கலாம். அதைக் காட்டையும் மண்ணையும் அறிந்தவர்கள் சொல்லட்டும். உள்ளூர்க்காரருக்கு இலவசம் என்ற பகுதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மலையே சிவன், அதன் மேல் கால் வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆட்சேபம் ஆழமானது, மதிக்க வேண்டியது. சொல்லப்போனால், கிரிவலத்தைப் போல ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை எந்த வனத்துறையும் யோசித்திருக்க முடியாது: பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள், சரிவில் ஒரு புல்கூட மிதிபடுவதில்லை. கூட்டம் கீழேயே நடக்கட்டும். அந்தக் கீழ்ப்பாதையையாவது நாம் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை. சாலையை அகலப்படுத்த மரம் வெட்டத் தொடங்கி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகுதான் கோடரி நின்றது. ஏற மனமில்லாதவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. ஆனால் தீபக் கொப்பரையைப் பர்வதராஜகுலத்தார் தோளில் சுமந்து 2,668 அடி உச்சிக்குக் கொண்டுபோவதும் இதே மரபுதான். முறையோடு ஏறுவதை மரபு விலக்கவில்லை.

மண்சரிவைக் காட்டி மறுப்பவர்களுக்கான பதில் இன்னும் எளிது. அன்று உயிரிழந்தவர்கள் மலை ஏறப் போனவர்கள் அல்ல, அடிவாரத்துச் சரிவில் குடியிருந்தவர்கள். மலைமேல் வீடுகள் பெருகியதை உயர் நீதிமன்றமே கவனத்தில் எடுத்துக் குழு அமைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. நடப்பவரைத் தடுத்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுபவரை விட்டுவைத்தால் சரிவு எப்படி நிற்கும்? மழைக்காலத்திலும், புல் காயும் மாசி முதல் கோடை மழை வரையிலும் பாதையை முழுமையாக மூடலாம், மூடவும் வேண்டும். வனத்துறைக்கு ஆள் போதாது என்ற மூன்றாவது வாதம் நியாயமானது. கட்டணப் பணம் கருவூலத்துக்குப் போய்க் கரைந்துவிட்டால் அந்த வாதமே வெல்லும். அது இந்த மலையின் தீக்காவலர் கூலிக்கும் தீத்தடுப்புக் கோட்டுக்கும் மட்டுமே செலவாக வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.

வனத்துறை, அறநிலையத் துறை, மாவட்ட நிர்வாகம் மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரே ஒரு பாதையைச் சோதனைக்குத் திறந்து பார்க்கலாம். கற்பூரம், தீப்பெட்டி, பிளாஸ்டிக் மூன்றும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அந்த ஆண்டுக் கோடையில் எத்தனை இடத்தில் தீப்பிடித்தது, எவ்வளவு நேரத்தில் அணைந்தது என்று குறித்து, முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு வெளியிடட்டும். தீ கூடியிருந்தால் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.