திரைச் சிவப்பும் செம்பனைச் சிவப்பும்



நிழற்படக் கலையில் ஆர்வமுடைய ஆசிரிய நண்பர்கள் சிலர், நிறத்திருத்தக் கருவியை இரவல் வாங்கித் திரைமீது தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் 'இனி என் கணினியில் நிறம் பிசகாது' என்று மனநிறைவோடு எழுந்துவிடுகின்றனர். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மறுபாதி இணைய உலாவியில் இருக்கிறது. அதை எவரும் தொடுவதில்லை என்பதே என் குறை.

இஃது ஒரு பெரிய செய்தியா என்று கேட்கலாம். கேரித் தீவில் பெரிய செய்திதான். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைத் தோட்டங்கள். செம்பனைக் குலை காயாக இருக்கும்போது கருமையும் ஊதாவும் கலந்திருக்கும்; பழுக்கப் பழுக்கச் செம்மஞ்சளாகச் சிவக்கும்; முற்றியதும் பழங்கள் தாமாக உதிரும். நிறத்தையும் உதிரிப் பழங்களையும் பார்த்துத்தான் குலையை வெட்டுவார்கள். பழுக்காத குலையில் எண்ணெய் குறைவு. ஆலையில் தரம் பிரிக்கும்போது அது தள்ளுபடிக்கு உள்ளாகும். இன்று குலை வெட்டுபவருள் வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி எனினும், நம் மாணவர் பலரின் தாத்தாக்கள் இந்தச் சிவப்பை நம்பியே சோறுண்டவர்கள்.

ஒரு பள்ளியில் அறிவியல் வகுப்பைப் பார்வையிட அமர்ந்திருந்தேன். நன்கொடையாக வந்த விரிநிறத் திரை. முறையாகத் திருத்தம் செய்யப்பட்டது. உலாவியில் செம்பனைக் குலையின் படம். அரைப்பழமான குலை, தீப்பிடித்ததுபோல் சிவந்து நின்றது. "இது நன்றாகப் பழுத்த குலை" என்றது பாடம் கேட்ட கூட்டம். தோட்டத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் மட்டும், "இல்லை ஐயா, இதை வெட்டக்கூடாது, இன்னும் இரண்டொரு வாரம் போகவேண்டும்" என்றான். "படத்திலேயே சிவப்பாக இருக்கிறதே!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அமைதியாகிவிட்டான். குலையின் வடிவையும் பழங்களின் நெருக்கத்தையும் கண்டு சரியாகச் சொன்ன பிள்ளை, திரையின் பொய்க்கு முன்னால் தன் கண்ணையே ஐயுறத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

பிழை எங்கே நேர்ந்தது? நிறத்திருத்தக் கருவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, வெண்மையையும் சாம்பல் படிகளையும் சீராக்குவது. இது கணினி முழுமைக்கும் பொருந்தும். இரண்டாவது, 'இந்தத் திரையின் சிவப்பு எத்தகையது, பச்சை எத்தகையது' என்று விவரிக்கும் கோப்பு ஒன்றை எழுதி வைப்பது. ஐசிசி கோப்பு என்பது இதுவே. 1993-இல் தோன்றிய அனைத்துலக நிறக் கூட்டமைப்பு வகுத்த முறை. இக்கோப்பைப் படித்து நிறங்களை மாற்றித் தரும் மென்பொருளில்தான் இதற்குப் பயன். படிக்காத மென்பொருளுக்கு அது பூட்டிய அலமாரியில் கிடக்கும் பாடநூல்.

இணையப் படங்களில் பெரும்பாலானவை எஸ்ஆர்ஜிபி என்னும் அளவில் அமைந்தவை. 1996-இல் எச்பியும் மைக்ரோசாப்டும் முன்மொழிந்த இவ்வளவு, அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகளை ஒட்டியது. விரிநிறத் திரையோ அதனினும் ஆழ்ந்த சிவப்பைக் காட்ட வல்லது. படத்தில் உள்ள எண்ணை மாற்றாமல் அப்படியே அனுப்பினால், திரை தனக்கியன்ற கடுஞ்சிவப்பைக் காட்டிவிடும். அரைப்பழம் முழுப்பழமாவது இப்படித்தான்.

நம் வலைப்பதிவர்கள் 'நெருப்பு நரி' என்று அன்போடு அழைத்த ஃபயர்பாக்சில், 2008-இல் வந்த 3-ஆம் பதிப்பிலேயே நிறமேலாண்மை இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2009-இல் வந்த 3.5-இல் அது மூன்று நிலைகளாயிற்று. 0 என்றால் இல்லை. 2 என்றால் நிறவிவரம் இணைந்த படங்களுக்கு மட்டும். 1 என்றால் விவரம் இல்லாத படங்களையும், பக்கத்தின் வண்ணங்களையும் எஸ்ஆர்ஜிபி எனக் கொண்டு மாற்றும். இயல்புநிலையாக வைக்கப்பட்டது 2. இங்குதான் சிக்கல்: பகிர்ந்து பகிர்ந்து வரும் படங்களில் நிறவிவரம் உதிர்ந்துவிடுவது உண்டு. ஆகவே, முகவரிப் பட்டையில் 'அபௌட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, 'கலர் மேனேஜ்மென்ட்' எனத் தேடி, 'மோட்' என முடியும் வரியில் 1 என இட்டு, உலாவியை மூடித் திறக்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. ஒரு காசு செலவில்லை. குரோம் உலாவி தானாகவே கணினியிலுள்ள கோப்பைப் படித்துக்கொள்ளும். ஆனால் கணினியில் சரியான கோப்பு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

"பிள்ளைகளுக்குப் பளிச்சென்று இருந்தால்தானே பிடிக்கும்?" என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். கேலிச்சித்திரத்துக்கு அது சரி. இதே தீவில் வாழும் மா மெரி மக்கள், செந்நிறம் தோய்ந்த 'நிரே பத்து' மரத்தில் முகமூடிகள் செதுக்குகிறார்கள். மரத்தின் தன்னிறமே அவற்றின் அழகு. கட்டுக்கடங்காத திரையில் அவை சாயம் பூசிய பொம்மைகளாகத் தெரிகின்றன. கலைக்கல்வி வகுப்பில் அதைக் காட்டிவிட்டு, 'இயற்கை நிறத்தைக் கூர்ந்து நோக்குக' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளிக்குக் கருவி வாங்கப் பணம் திரட்டுவதற்கு முன், இருக்கின்ற திருத்திய திரைகளில் இந்த ஓர் எண்ணை மாற்றுங்கள் என்பதே நான் வேண்டுவது. வகுப்பில் ஒளிவீச்சி இருந்தால் அது வேறொரு திரை என்பதையும் மறவாதீர். மேசைத் திரைக்கு எழுதிய கோப்பு அதற்குப் பொருந்தாது. அதற்கு வழி கிடைக்கும்வரை, குலைப் பாடத்தன்று நான்கு உதிரிப் பழங்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தீவில் அவற்றுக்கா பஞ்சம்!