தராசைக் கண்டு மிரளலாமா?



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு தடவை படித்தேன். மூன்று பக்கம் கடிதம். நாலாவதாகக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அந்தத் தாளில் தேதி போட்டு வரிசையாக எண்கள். கடிதத்தை முதலில் சொல்கிறேன். தாளுக்குப் பிறகு வருவோம்.

எழுதியவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் சகோதரி. வயது 42. அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்த்ததில், சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். எடை 74 கிலோ. ஐந்து கிலோ குறைக்கச் சொல்லி மிஸி அனுப்பியிருக்கிறார். இந்தச் சகோதரியின் தாயார் இதே வியாதியில் ஒரு காலை இழந்தவர். ஆகவே சொன்ன சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. வீட்டுக்காரர் பாசார் மாலாமில் ஒரு தராசு வாங்கிக் கொடுத்தார். சோற்றைக் குறைத்தார். டின் பாலை நிறுத்தினார். மாலையில் லயத்துப் பெண்களோடு நடக்கவும் தொடங்கினார்.

மூன்று வாரம் நன்றாகவே போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்று காலை எடை 72.6 கிலோ. மறுநாள் காலை 74.2!

“ஒரே ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலா, அக்கா? தராசு மேலேயே நின்று அழுதேன்,” என்று எழுதியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அன்றும் மறுநாளும் இராச்சாப்பாடு இல்லை. தண்ணீர் குடித்தால் எடை கூடுமோ என்று தண்ணீரையும் குறைத்தார். பசியாறாமல் வேலைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை பத்து மணி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்து செம்பனை மரத்தடியில் சாய்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் தூக்கி உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

“வியாழக்கிழமை எடை 72.7. பட்டினி கிடந்து, மயங்கி விழுந்து, பழைய இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன். இந்த உடம்பு எனக்கு வாய்க்காது. விட்டுவிடலாமா, அக்கா?”

விடவேண்டாம், தங்கச்சி. உன் கடிதத்துக்கான பதில் நீ அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. அதற்குமுன் பழைய கதை ஒன்று.

என் தகப்பனார் பால் வெட்டியவர். மழை பெய்த நாளில் மங்குகளில் மழைத்தண்ணீர் விழுந்து வாளி நிறைந்துவிடும். சிறு பிள்ளையான நான், “அப்பா, இன்றைக்கு எவ்வளவு பால்!” என்று குதிப்பேன். அவர் சிரிப்பார். ஸ்டோரில் கிராணி வாளியை நிறுத்ததோடு கணக்கை முடித்துவிடமாட்டார். கொஞ்சம் பாலை எடுத்து மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பார்ப்பார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிவிடும். நல்ல பாலிலேயே 100 கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோதான் உலர்ந்த ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். வாளி கனத்தது என்பதற்காக ரப்பர் கூடிவிட்டது என்று எந்த வெட்டுக்காரரும் ஏமாந்ததில்லை.

நம் உடம்பும் அந்த வாளிதான். பெரியவர்களின் உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர். குளியலறையில் கிடக்கும் தராசு வாளியோடு சேர்த்து நிறுக்கும் தராசு. அதில் மெட்ரோலாக் கிடையாது. கொழுப்பு, சதை, எலும்பு, நேற்றுத் தின்ற சோறு, குடித்த தண்ணீர், இன்னும் கழியாத மலம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது ஆரோக்கியமான உடம்பிலும் உண்டு.

சரி, அந்த நிச்சயதார்த்த விருந்து 1.6 கிலோ கொழுப்பாக மாறியிருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக உண்ணவேண்டும். 1.6 கிலோவுக்கு 12,000 கலோரிக்கு மேல். ஒரு சிறு கிண்ணம் சோறு சுமார் 200 கலோரி. அப்படியானால் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அறுபது கிண்ணம் சோறு! பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருடைய இலையையும் நீ ஒருத்தியே காலி செய்திருந்தால்தான் உண்டு.

பின் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

முதலாவது, சோறும் பாயசமும். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேர்த்துவைக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். மூன்று வாரம் சோற்றைக் குறைத்த உடம்பில் அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும். ஒருநாள் விருந்தில் அது நிரம்பும்; தண்ணீரும் கூடவே ஏறும். பத்தியம் தொடங்கிய முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும் இதனால்தான். அப்போது போவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்.

இரண்டாவது, உப்பு. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மீ எல்லாம் உப்பு. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரை இறுத்திவைக்கும். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விருந்தில் அது எங்கே நிற்கும்?

மூன்றாவது, மாதவிலக்கு. அதற்கு முந்திய சில நாள்கள் உடம்பில் நீர் தங்கி, ஒரு கிலோ வரையும் சிலருக்கு அதற்கு மேலும் எடை கூடும். தானாகவே இறங்கும்.

நான்காவது, மலச்சிக்கல். ஐந்தாவது, பழக்கமில்லாத வேலையோ நடையோ செய்து தசை வலிக்கும்போது அங்கே தங்கும் நீர்.

இவை எல்லாம் மூன்று நான்கு நாளிலோ ஒரு வாரத்திலோ வடிந்துவிடும். வியாழக்கிழமை உன் எடை 72.7க்கு இறங்கியதற்குப் பட்டினி காரணமில்லை, தங்கச்சி. வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் நடந்திருந்தாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றிருக்கும். மயக்கம்தான் வீண்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் ஒன்று உண்டு. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து தராசில் ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கும். மகிழ்ந்துவிடாதீர்கள். அது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஒரு கிலோ. அந்தத் தண்ணீரை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, வெப்பத் தாக்கு என்று ஆளையே சாய்த்துவிடும். ‘மெலிய வைக்கும்’ காபி, தேயிலை விற்கிறவர்களும் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் காசு பறிக்கிறார்கள். பேதிக்குப் போனால் தராசு இறங்கும். கொழுப்பு அப்படியே இருக்கும். சிலவற்றில் சிபுட்ராமின் என்ற மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சே கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்துக்குக் கேடு என்று 2010இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம்.

காலை எடைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் வாரம்: 74.0, 73.4, 74.6, 74.2, 73.8, 73.5, 74.1. ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 73.9.

விருந்து வந்த நான்காம் வாரம்: 72.8, 72.6, 74.2, 73.8, 73.0, 72.7, 72.8. கூட்டி வகுத்தால் 73.1.

பார்த்தாயா? மூன்று வாரத்தில் 800 கிராம் குறைந்திருக்கிறது. விருந்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால் முதல் வாரத்தில் மிகக் குறைந்த 73.4ஐயும் நான்காம் வாரத்தில் மிகக் கூடிய 74.2ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எடை ஏறிவிட்டதுபோல் தோன்றும். நீ அப்படித்தான் பார்த்தாய். ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் தோற்றுவிட்டோம் என்று அழுதாய்.

வாரச் சராசரிதான் நமக்கு மெட்ரோலாக். தினமும் நிறுக்க விரும்புகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள்: காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, பசியாறும் முன், இலேசான உடையோடு ஒரே ஒரு தடவை. தராசு பாயின்மேல் வேண்டாம், சமமான சிமெண்டுத் தரையில் இருக்கட்டும். எண்ணை எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். வாரக் கடைசியில் கூட்டி வகுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்துகொடுப்பார்கள். நான்கு வாரச் சராசரிகளைப் பார்த்தபின்தான் ஏற்றமா இறக்கமா என்று பேசவேண்டும். எண்ணைப் பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுவிடுகிறது என்றால், தராசைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வாரம் ஒருநாள் மட்டும் எடுங்கள். மாதவிலக்கு வாரத்தை அடுத்த மாதவிலக்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை இடுப்பில் அளவு நாடாவையும் சுற்றிப் பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்குள்ளும் ஆண்களுக்கு 90க்குள்ளும் இருப்பது நல்லது. சில மாதங்களில் தராசு அசையாது. ஆனால் பாவாடை நாடா ஒரு முடிச்சு உள்ளே போயிருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா என்று கேட்கலாம். சர்க்கரை வாசலில் நின்றவர்களிடையே அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. அந்தக் குழுவில் வியாதி வருவது 58 விழுக்காடு குறைந்தது. 74 கிலோவுக்கு 7 விழுக்காடு என்றால் ஐந்து கிலோ சொச்சம். மிஸி சொன்ன கணக்கும் அதுதான். இன்னொன்று நம்மவர் நடுவே நடந்தது. சென்னையில் 531 பேரைக்கொண்டு செய்து 2006இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அவர்களுடைய எடையோ பெரிதாக இறங்கவில்லை! தராசு பேசாமல் இருந்தாலும் நடந்த நடையும் குறைத்த சீனியும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே, பட்டினி வேண்டாம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ அதுதான். வேலிமுருங்கையும் கொல்லைக் கீரையும் காசில்லாமல் கிடைப்பவை. விருந்துக்குப் போங்கள், உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். மறுவேளையே பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். அவ்வளவுதான் பரிகாரம்.

ஆனால் ஏற்ற இறக்கம் எல்லாமே சாதாரணம் என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ அளவுக்கு ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயமோ சிறுநீரகமோ கூப்பிடுகிறது. முயலாமலே எடை இறங்கி, அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சொந்தமாகச் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கிளினிக்கில் கேட்காமல் எடை குறைக்க முனையவேண்டாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. “இன்னும் இறங்கலையா?” என்று தினம் கேட்காதீர்கள். மாலையில் நீங்களும் கூட நடந்து போங்கள். 2023இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிக்குமேல் எடை மிகுந்தவர்கள். உங்களுக்கும் அந்த நடை தேவைப்படலாம்.

கடிதம் எழுதிய தங்கச்சிக்கு: உன் தாயாரின் நினைவு உன்னைப் பயமுறுத்துவதற்கு அல்ல, வழிகாட்டுவதற்கு என்று எடுத்துக்கொள். நாளைக் காலை பசியாறிவிட்டு, தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போ. இன்னும் எட்டு வாரம் கழித்து அதேபோல் ஒரு தாளைக் கிழித்து அனுப்பு. கூட்டி வகுக்க நான் காத்திருக்கிறேன்.