கல்லைச் சுட்டோம், கட்டையை மறந்தோம்!

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தச் சீமை கடலாக இருந்த நாளில், மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரம். 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். அதே பழங்கடல் அரியலூருக்கும் ஒரு சீதனம் தந்து போயிற்று. அதுதான் சுண்ணாம்புக்கல்! கடல்வாழ் உயிர்கள் தம் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரி அந்தக் கல்லுக்குள் இருக்கிறது.

பூட்டை உடைப்பவர் யார்? சிமெண்ட் சூளையில் 100 கிலோ சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாக வானேறுகிறது. கையில் நிற்பது 56 கிலோ. சூளைக்குப் போடும் நிலக்கரியின் புகை தனிக்கணக்கு. மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டால் வருவது. வெயில் ஏறுகிறது, மழை தவறுகிறது என்று புலம்புகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம் அல்லவா?

மரத்தின் கணக்கு நேர்மாறு. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. அது காற்றிலிருந்து இலை இழுத்த கரி. ஒரு கிலோ காய்ந்த மரம் ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவைக் கட்டிவைத்திருக்கிறது. 50 கிலோ உத்தரம் ஒன்று 90 கிலோவைச் சிறைபிடித்து நிற்கிறது! எரித்தால் கைதி தப்புவான், மக்கினாலும் தப்புவான். வீட்டில் நூறாண்டு நின்றால் நூறாண்டும் சிறைதான். காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளில் பர்மா தேக்குத் தூண்கள் அப்படித்தான் நிற்கின்றன.

"மறுபடியும் குடிசைக்குப் போகச் சொல்கிறீர்களா?" என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஏழையின் தலைக்கு மேல் கான்கிரீட் கூரை வந்தது சும்மா வரவில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று படிப்படியாக வந்த மானம் அது. அந்தக் கூரையில் எவனும் கை வைக்கக் கூடாது! மாளிகையில் இருப்பவர் மண்குடிசையின் மகிமை பேசுவதை நாம் ஏற்பதில்லை. முதலில் மாறவேண்டியது பணக்காரர் பங்களா, அரசின் கட்டடம்.

தீப்பிடிக்காதா? ஓலை வேறு, உத்தரம் வேறு. பருத்த உத்தரத்தில் தீ பட்டால் மேற்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. நார்வே நாட்டில் புருமுண்டால் என்னும் ஊரில் 2019இல் 18 மாடிக் கட்டடத்தையே மரத்தூண்களால் எழுப்பிவிட்டார்கள்.

காடு அழியாதா? அந்த அச்சத்தால்தான் 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. 2020இல் அந்தத் தடை விலகியது. அச்சம் பொய்யல்ல. ஆகவே காட்டு மரம் வேண்டாம், கழனி மரம் போதும்! வெட்டிய இடத்தில் மறுகன்று நட்டால்தான் இது வரவு. நடாதவன் எழுதுவது பொய்க்கணக்கு. தைலமரம் வளர்த்துக் காகித ஆலைக்கு அனுப்பினால், கசக்கி எறிந்த காகிதத்தோடு கரியும் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். தேக்கும் வேம்பும் உத்தரமானால் தலைமுறை தாண்டி நிற்கும்.

ஆலைத் தோழரின் அடுப்பு அணையுமோ? அணையக் கூடாது! அடித்தளத்துக்கும் பாலத்துக்கும் அணைக்கும் சிமெண்ட் வேண்டும். ஆலையை மூடு என்பதல்ல நம் பேச்சு. மரம் போதுமான இடத்தில் கல்லைச் சுடாதே என்பதே பேச்சு. அதனால் ஒரு மூட்டை குறைந்தாலும், அந்த மூட்டை சுமந்த தோளுக்கு அறுவை ஆலையிலும் தச்சுப் பட்டறையிலும் பயிற்சியும் கூலியும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும். காற்றைக் காக்கும் செலவை உழைப்பவன் தலையில் கட்டுவது நீதியாகாது.

கல்லக்குடி என்ற தமிழ்ப் பெயருக்காக 1953இல் தண்டவாளத்தில் தலைவைத்த இயக்கம் நம்முடையது. அதுவும் இதே சுண்ணாம்புச் சீமை. அதுவும் சிமெண்ட் ஊர். ஊரின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று அன்று கேட்டோம். ஊரின் மண்ணும் காற்றும் யாருக்குச் சொந்தம் என்று இன்று கேட்போம்.

நாம் கேட்பது மூன்று. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இனி எழும் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் மரக்கூரையை அரசு மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். தன் நிலத்தில் தான் நட்ட மரத்தை வெட்டி விற்க உழவனை அலுவலகம் அலுவலகமாக அலையவிடக் கூடாது. கல் தோண்டி முடித்த குழிகளின் கரைகளில் ஆலைகள் தம் செலவில் மரம் வளர்த்து, அதன் பலனை ஊருக்குத் தர வேண்டும்.

ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள், தோழர்களே! கல் எடுத்த குழி வாய் பிளந்து கிடக்கிறது. அதன் கரையில் முதல் கன்று நம் கையால் நடப்படட்டும்.